டிரெய்லர் கட்டிய சின்ன கார்

"வண்டி இழுக்க மாட்டேங்குதுங்கம்மா" என்றார் சீடர்.

"நிறுத்தட்டுமா?" என்றார் குரு.

"நிறுத்தினா மறுபடி கிளம்பாதுங்க."

"அப்ப ஓட்டட்டுமா?"

"ஓட்டினாத்தான் ஏறலையேங்க!"

"அப்ப என்ன செய்யட்டும்?"

"என்னையக் கேட்டா? இங்க குரு நீங்களா, நானா?"

 ஸ்டியரிங் குருவின் கையில் இருந்தது.

கொல்லிமலை ஏற்றம். தன்னைத் தானே இழுத்துக்கொண்டு போவதற்கே பெருமூச்சு விடும் ஒரு பழைய சின்ன கார். அதன் பின்னால் ஒரு டிரெய்லர். டிரெய்லரில் ஒரு இரும்பு பீரோ, தேக்குக் கட்டில், ஆட்டுக்கல், தையல் மெஷின், ஆள் உட்கார்ந்து குளிக்கும் அளவுக்கு ஒரு பித்தளை அண்டா.

சீடரின் பெயர் குழந்தைவேலு. நாமக்கல்லில் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்ந்தவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். குருவும் அப்படித்தான் கூப்பிட்டார்.

குருவின் பெயர் சுகந்தி. மாஸ்டரைவிட இருபது வயது இளையவர். மாவு மில்லுக்குப் பின்னால் உள்ள அறையில் வியாழக்கிழமை சாயங்காலம் கண்ணை மூடி உட்காருவார். வருகிறவர்களும் உட்காருவார்கள். மில் ஓடுகிற சத்தத்தில் அவர் பேசுவது பாதி யாருக்கும் கேட்காது. அதனாலேயே அவருக்கு நல்ல பெயர்.

மாஸ்டர் அங்கே போய்ப் பல வருஷமாக ஒரே புகாரைத்தான் சொல்லிவந்தார்.

"எல்லாத்தையும் விட்டுட்டேங்கம்மா. டீயை விட்டேன், கோபத்தை விட்டேன், ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். இருந்தும் மனசு ஒரு அடி மேல ஏற மாட்டேங்குது."

கோபத்தை விட்டதை அவர் மேஜையைத் தட்டித்தான் சொல்லுவார்.

சுகந்தி அம்மா "ம்" என்பார். அவ்வளவுதான் உபதேசம்.

*

குரு ஏன் ஓட்டினார் என்று கேட்பீர்கள்.

மாஸ்டரின் ஒரே மகள் தமயந்தி மலைமேல் வீடு கட்டியிருந்தாள். அன்றைக்குப் பால் காய்ச்சுகிறாள். அப்பாவும் மகளும் சரியாகப் பேசிப் பல காலம் ஆகிறது. அவள் கல்யாணத்துக்கே மாஸ்டர் போகவில்லை. மாப்பிள்ளை மிளகுத் தோட்டக்காரன், மலையில் என்ன பிழைப்பு என்று சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். போகாமல் இருந்ததற்குப் பிறகு தனியாக அழுதார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவளே போன் செய்தாள். "அப்பா, ஒண்ணும் கொண்டு வராதீங்க. நீங்க வந்தாப் போதும்."

ஒன்றும் கொண்டு வராதே என்றால் ஒரு அப்பன் என்ன செய்வான்? பந்தல்காரரிடம் டிரெய்லர் வாடகைக்கு எடுத்தார். காருக்குப் பின்னால் கொக்கி வைத்தார். கனத்தை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று எல்லாம் கணக்குப் பார்த்து அடுக்கினார். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் வாலாட்டும் என்று பந்தல் பையன்களுக்குப் பாடம் எடுத்தார். வண்டி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதுதான் தொல்லையே.

கொக்கி மாட்டும்போது ஒருத்தரையும் தொட விடவில்லை. அது அவர் வலது கையிலேயே விழுந்தது. நாலு விரலுக்குக் கட்டு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த அந்தக் காலையில், துணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்த சுகந்தி அம்மா வந்து நின்றார். அவர் அப்போதுதான் மாஸ்டரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். காரில் எல் போர்டு இருந்தது. டிரைவிங் ஸ்கூல் காருக்கு உண்டான மாதிரி, சொல்லிக்கொடுப்பவர் மிதிக்க இடது சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருந்தன.

"நான் ஓட்டறேன், மாஸ்டர்."

"மலைங்கம்மா. பின்னால டிரெய்லர் வேற."

"பக்கத்துலதான் நீங்க இருக்கீங்களே."

இதற்கு மேல் ஒரு மாஸ்டர் என்ன சொல்ல முடியும்? இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

சமவெளியில் கார் ஏதோ போயிற்று. அடிவாரம் தாண்டி ஏற்றம் வந்ததும் முனக ஆரம்பித்தது.

*

"கிளட்ச் கருகற வாசனை வருதுங்கம்மா. காலை முழுசா எடுங்க."

"எடுத்துட்டேன்."

"ஆக்ஸிலேட்டரைக் கொடுங்க."

"கொடுத்துட்டுதான் இருக்கேன்."

"முதல் கியர்!"

"அதுல தான் இருக்கு, மாஸ்டர்."

"அப்ப ஏன் ஏறல?"

"தெரியலையே."

"கனம். வேற என்ன? கனம்தான்."

ஒரு வளைவில் கருப்பசாமி கோயில். மலையேறும் வண்டி எதுவும் அங்கே நிற்காமல் போகாது. ஒரு வாழைக்காய் லாரி நின்றிருந்தது. லாரிக்காரர்கள் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் இறங்கி அவர்களைக் கெஞ்சினார். நாலு பேர் சேர்ந்து பீரோவையும் ஆட்டுக்கல்லையும் அண்டாவையும் இறக்கி, கருப்பன் முன்னால் வரிசையாக வைத்தார்கள்.

"இங்க வெச்சா ஒரு துரும்பையும் எவனும் தொட மாட்டான். தைரியமாப் போங்க" என்றார் லாரிக்காரர்.

பீரோவுக்கும் சேர்த்து யாரோ விபூதி பூசிவிட்டார்கள்.

மாஸ்டர் செருப்பை உதறிவிட்டுக் கும்பிட்டார். வெறுங்காலோடு வந்து இடது சீட்டில் உட்கார்ந்தார். "இப்ப ஏறும் பாருங்க."

ஏறவில்லை.

"இப்ப எதுங்க கனம்?" என்றார் சுகந்தி அம்மா.

"கேலி பண்ணாதீங்கம்மா. எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு..."

"கோபத்தை விட்டுட்டேன்னு சொன்னீங்களே."

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். பின்னால் நாலைந்து வண்டிகள் சேர்ந்துகொண்டு ஹாரன் அடித்தன. ஒரு மொபெட்டில் மூன்று பேர், மடியில் ஒரு ஆடு, காரைத் தாண்டிப் போனார்கள். ஆடு திரும்பிப் பார்த்தது.

போன் அடித்தது. தமயந்தி.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பாதி மலையில, கண்ணு. வண்டி இழுக்கல."

"நல்ல நேரம் முடியப் போகுதுப்பா. நீங்க வந்துதான் அடுப்பு பத்த வைக்கணும்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

"எனக்காகப் பாக்காத. நீங்க காய்ச்சிடுங்க."

அந்தப் பக்கம் பால் பாத்திரத்தை டக்கென்று கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கல்யாணத்துக்கும் இதேதான் சொன்னீங்க. எனக்காகப் பாக்காத, நீங்க தாலி கட்டிக்குங்கன்னு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மாஸ்டர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. கட்டுப் போட்ட கையால் துடைக்கப் போய் அது வேறு வலித்தது.

"டிரெய்லரையே கழட்டிடலாங்கம்மா" என்றார்.

"அதுல கட்டில் இருக்கு. மெஷின் இருக்கு."

"எல்லாம் கிடக்கட்டும். எனக்கு என் பொண்ணு வேணும்."

சுகந்தி அம்மா அவரை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அடுத்த வளைவில் ரோடு அகலமாக இருந்தது. ஓரமாக நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, கொக்கியைக் கழற்றினார்கள். இந்தத் தடவை குரு கழற்றினார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. நிற்பதற்கு அவர் பட்ட பாடு சொல்லி முடியாது.

இப்போது காரில் இரண்டு பேர். டிக்கியில் ஒன்றும் இல்லை.

"இப்ப மட்டும் ஏறலைன்னா, இந்த வண்டியை இங்கேயே பேரிச்சம்பழத்துக்குப் போட்டுட்டு நடந்தே போயிடறேன்" என்றார் மாஸ்டர்.

ஏறவில்லை.

அதே முனகல். அதே கருகல் வாசனை.

"சாமி!" என்று டேஷ்போர்டில் குத்தினார் மாஸ்டர். "பீரோவை விட்டேன். அண்டாவை விட்டேன். டிரெய்லரையே விட்டேன். இன்னும் என்னத்தடா விடணும்? என் வேட்டியையா?"

பின்னால் வந்த ஜீப் காரை ஒட்டி வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"யோவ்! பிரேக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்குதுய்யா! கவனிக்கிறதில்லையா?"

கத்திவிட்டு அவன் போய்விட்டான்.

"பாத்தீங்களா!" என்றார் மாஸ்டர். "அதுவும் ரிப்பேர். ஸ்விட்ச் போயிருச்சு. பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க. இவ்வளவு நேரம் டிரெய்லர் மறைச்சுதுங்க, ஒருத்தன் கண்ணுக்கும் படல."

சுகந்தி அம்மா தன் வலது காலைப் பார்த்தார். அது ஆக்ஸிலேட்டரில் இருந்தது. இடது காலைப் பார்த்தார். அது தரையில் இருந்தது.

பிறகு மெதுவாகக் கேட்டார். "மாஸ்டர், உங்க கால் எங்க இருக்கு?"

"என் கால் எங்கங்க இருக்கும்? இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."

"பிரேக்குல..."

"நான் தொடவே இல்லீங்கம்மா!" மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "எத்தனை பேருக்குக் கத்துக் கொடுத்த காலுங்க இது. எப்ப வைக்கணும், எப்ப எடுக்கணும்னு அதுக்குத் தெரியாதா? என் பொண்ணும் இதைத்தான் சொன்னா. ஓட்டிக்கிட்டே இருந்தவ பாதி ரோட்டுல இறங்கி, உங்க பக்கத்துல உக்காந்து யாரும் ஓட்ட முடியாதுன்னுட்டு பஸ் ஏறிப் போயிட்டா. கடைசில வேற ஸ்கூல்ல போய்க் கத்துக்கிட்டா. நாமக்கல்லே சிரிச்சுது. இப்ப நீங்களும் அதையே சொல்றீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. சத்தியமாகத் தொடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

குருவும் வாதாடவில்லை. மாவு மில் சத்தத்தில் பேசிப் பழகியவருக்கு எப்போது பேசிப் பயனில்லை என்று தெரியும்.

கார் நகர்ந்தும் நகராமலும் ஏற்றத்தில் ஊர்ந்தது.

சுகந்தி அம்மா வலது கையால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். இடது பக்கமாகக் குனிந்தார். இடது கையை நீட்டி, மாஸ்டரின் வெறும் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயோ! அம்மா!"

மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. குருவாவது, சீடன் காலைத் தொடுவதாவது! நெருப்பை மிதித்தவர்போல் இரண்டு காலையும் வெடுக்கென்று இழுத்துச் சீட்டின்மேல் போட்டுக்கொண்டார்.

கார் ஒரு துள்ளுத் துள்ளியது.

பிறகு ஏறியது. முனகாமல், கருகாமல், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு, அந்தச் சின்ன கார் ஏறிக்கொண்டே இருந்தது.

மாஸ்டர் குனிந்து கீழே பார்த்தார். இடது பக்கத்து பிரேக் ரப்பரில் அவர் பாதத்தின் ஈரம் அப்படியே படிந்திருந்தது.

சுகந்தி அம்மா ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ஒவ்வொரு வளைவிலும் மாஸ்டரின் கால் சீட்டின்மேல் இருந்தபடியே காற்றை மிதித்தது. ஒவ்வொரு வளைவிலும் கார் தன் பாட்டுக்குத் திரும்பியது. திரும்பத் திரும்ப அவருக்கு அழுகையாக வந்தது. அழுதுகொண்டே வந்தார்.

*

புது வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். தமயந்தி பட்டுப் புடவையோடு ரோட்டுக்கே வந்து நின்றிருந்தாள். உள்ளே அடுப்பு இன்னும் பற்ற வைக்கவில்லை.

அவள் காரின் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் கொண்டு வரலையாப்பா?"

"இல்ல, கண்ணு."

அவள் முகம் மலர்ந்தது. பிறகுதான் கவனித்தாள். இடது சீட்டின்மேல், பந்தியில் உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டு, முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இது கோலம்? காலைக் கீழ வைங்க. இறங்குங்க, நேரமாகுது."

மாஸ்டர் மகளை அண்ணாந்து பார்த்தார்.

"வைக்கலாமா, கண்ணு?" என்று கேட்டார்.