கத்தாத பெட்டி

மலைமேல் ஓர் ஊர். மத்தியானத்திலேயே மேகம் ஜன்னல் வழியாக நுழைந்து, யாரையும் கேட்காமல் கூடத்தில் சற்று நேரம் தங்கிவிட்டுப் போகும். அந்த ஊரில் மாசிலாமணி என்று ஒரு சீடர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். அவருடைய குரு பூங்கோதைக்கு நாற்பதுதான். ஞானத்துக்கு வயதா பார்க்கிறார்கள்!

குரு பேசுவதைக் கேட்டு வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டெழுதி வைப்பது அவர் வேலை. ஒருநாள் கேட்டார்.

"மௌனம் எனக்கு எப்பம்மா கைகூடும்?"

"ஒருநாள் உங்க வீட்டுக்கு வர்றேன், ஐயா" என்றார் குரு. அவ்வளவுதான்.

அங்கே காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். எழுதியதும் கூடவே போய்விடும். பொறுத்துப் பார்த்த மாசிலாமணி ஒரு யுபிஎஸ் வாங்கினார். கடைக்காரர் அதை மேஜைக்கு அடியில் வைத்து, கம்ப்யூட்டரையும் திரையையும் அதில் சொருகினார்.

"கரண்ட் போனா கீ கீன்னு கத்தும் சார். பத்து நிமிஷம் தாங்கும். அதுக்குள்ள எழுதினதை சேவ் பண்ணி, ஆஃப் பண்ணிடணும்."

பிளக்கைப் பிடுங்கிக் கத்தவைத்தும் காட்டினார். மாசிலாமணி காதைப் பொத்திக்கொண்டார்.

"இது கத்தினா மௌனம் எங்கேர்ந்து வரும்? அந்தக் கத்துற வயரை வெட்டிவிடுப்பா."

"வேண்டாம் சார். கத்தத்தானே வச்சிருக்கு."

சீடர் ஒற்றைக் காலில் நின்றார். கடைக்காரரும் வெட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் என்ன அமைதி! தூக்கத்தில் நடப்பவர் மாதிரி மாசிலாமணியின் விரல்கள் எழுத்துகள்மேல் நடந்தன. வெளியே மேகம், உள்ளே மேகம், நடுவில் திரையின் வெளிச்சம். குரு தம்முடைய குருவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசியதை அன்று எழுதிக்கொண்டிருந்தார். சேவ் செய்யும் நினைப்பே வரவில்லை. பாதிச் சொல்லில் திரை இருண்டது.

கரண்ட் எப்போதோ போயிருந்தது. குளிர் ஊர், ஃபேன் கிடையாது. பகல் வேளை, விளக்கும் போடவில்லை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. குருவும் வந்தார். சீடர் நடந்ததைச் சொல்லி அந்தப் பெட்டியைக் காட்டினார்.

"எல்லாம் போச்சும்மா. ஒரு வார்த்தை சொல்லாம நின்னுடுச்சு."

குரு குனிந்து, வெட்டிய வயரைத் தொட்டுப் பார்த்தார்.

மாசிலாமணியின் மனைவி வடிவாம்பாள் காபி கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுச் சுவரில் கையூன்றிச் சற்று நின்றாள். புன்னகைத்தாள். பிறகு மெல்ல அடுப்படிக்குத் திரும்பினாள். குரு அவள் போவதையே பார்த்திருந்தார்.

"அக்கா முன்னெல்லாம் மூச்சு வாங்குதுன்னு சொல்வாங்களே, ஐயா?"

"அதை ஏன் கேக்குறீங்க! நாலு படி ஏறினா நெஞ்சடைக்குதுன்னு ஒரே புலம்பல். எழுதுற நேரத்துல தொணதொணக்காதேன்னு ஒருநாள் சத்தம் போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பேச்சே இல்லம்மா. சரியாப் போச்சு."

குரு காபியைக் குடிக்கவில்லை. கூடத்துக்குள் வந்த மேகம் மேஜைமேல் தவழ்ந்து, அடுப்படிப் பக்கம் போயிற்று.

"கரண்ட் போனா இந்தப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பத்து நிமிஷம்மா."

"இன்னைக்குக் கரண்ட் எப்பப் போச்சு?"

"அதுதான் தெரியலயே..."

மாசிலாமணி பாதியில் நிறுத்தி, அடுப்படியைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எழுந்தார். எங்கே போவதென்று தெரியாதவர்போல மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குரு ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். கீழே, பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

"வயரை நாளைக்கு ஒட்டிக்கலாம், ஐயா. டாக்டர் வீட்டுல விளக்கு எரியுது. அக்காவோட செருப்பை எடுத்து வைங்க."