முதல் வரிசையில் ஓர் ஆள் இடம்

நாங்கள் ஹஜ்ஜுக்குப் போன வருஷம், மினா கூடாரத்தில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த அதிராம்பட்டினத்து அக்கா, ஜொகரா லாத்தா சொன்ன கதை இது.

ஒரு சின்னத் துறைமுக நாடு. அதற்கு ஹாரிஸ் என்று ஒரு மந்திரி. தாடியெல்லாம் நரைத்த மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மூச்சு வாங்கப் பள்ளிவாசலுக்குள் வந்து நின்றார்.

அங்கே இமாமாக இருந்த ஷெய்கு தாவூத், மந்திரியின் கடைசி மகனைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனசு கலங்கினால் மந்திரி போய் நிற்பது அவரிடம்தான்.

“ஹஜ்ரத், நான் யார் பக்கம் நிற்பது?”

ஷெய்கு தொழுகைப் பாய்களை விரித்துக்கொண்டிருந்தார். “என்ன நடந்தது, மந்திரியாரே?”

“வடக்கு சுல்தானும் தெற்கு சுல்தானும் ஆளுக்கொரு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். வடக்கே படை இருக்கிறது. ‘எங்களோடு சேர்ந்தால் உன் கடலைக் காத்துத் தருகிறோம்’ என்கிறார்கள். தெற்கே கோதுமை இருக்கிறது. ‘அவனோடு சேர்ந்தால் ஒரு மூட்டை வராது’ என்கிறார்கள். மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பதில் சொல்லியாக வேண்டும்.”

“களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது?”

“இருபது நாளைக்கு. வடக்கின் போர்க்கப்பல்கள் துறைக்கு வெளியே நிற்கின்றன. என் மகள் பிள்ளை பெற்று ஆறு நாள், ஹஜ்ரத். அவள் படுத்திருக்கிற ஜன்னலில் கப்பல் தெரிகிறது. இரண்டு சுல்தான்களும் ஒரே கிப்லாத் திசையைப் பார்த்துத்தானே தொழுகிறார்கள்?”

“போன வாரம் ஜும்ஆவில் யார் பக்கத்தில் நின்றீர்கள்?”

“வடக்குத் தூதர் பக்கத்தில்.”

“அதற்கு முந்தின வாரம்?”

“தெற்குத் தூதர் பக்கத்தில்.” மந்திரி கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “முறை தவறியதே இல்லை.”

“இன்றைக்கு?”

மந்திரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஷெய்கு பாயின் சுருக்கத்தை நீவிவிட்டார். “போய்க் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வாருங்கள்.”

ஜும்ஆவுக்கு இரண்டு தூதர்களும் வந்தார்கள். இருவருமே முதல் வரிசையில்தான் நின்றார்கள், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடத்தை விட்டு.

மந்திரி மெல்ல இரண்டாம் வரிசைக்கு நழுவினார்.

குத்பா பிரசங்கம் முடிந்தது. ஷெய்கு தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கவில்லை. வரிசையின் பக்கம் திரும்பி நின்றார்.

“இடைவெளி இருக்கிறது. தோளோடு தோள் சேருங்கள்.”

“அவர் நகர்ந்து வரட்டும்” என்றார் வடக்குத் தூதர்.

“ஏன், இவருக்குக் கால் இல்லையா?” என்றார் தெற்குத் தூதர்.

ஷெய்கு அப்படியே நின்றார். ஊரே நின்றது.

மந்திரி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் போனால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். கோதுமை. கப்பல். அந்த ஜன்னல்.

பின்வரிசை மீன்காரர் அவர் முதுகில் விரலால் குத்தினார். “மந்திரி சாயபு, புண்ணியமாப் போவும், முன்னால போங்க. வெளியில என் மீன் நாறுது.”

மந்திரி போய் நடுவில் நின்றார்.

வலது தோளில் வடக்குத் தூதரின் தோள் பட்டது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

இடது தோளில் தெற்குத் தூதரின் தோள் பட்டது.

அதுவும்.

“அல்லாஹு அக்பர்” என்றார் ஷெய்கு.

தொழுகை முடிந்து எழுந்ததும், இரண்டு பக்கமிருந்தும் இரண்டு காகிதங்கள் நீண்டன.

“இரண்டையும் ஒன்றாக எழுதிக் கொண்டுவாருங்கள்” என்றார் மந்திரி. “மூன்று முத்திரைக்கு இடம் விட்டு.”

“இது நடக்கிற காரியமா?” என்றார் தெற்குத் தூதர்.

“அதுவரைக்கும் நீர் எங்கே நிற்பீர்?” என்றார் வடக்குத் தூதர்.

“இங்கேதான். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு வாருங்கள்.”

ஜொகரா லாத்தா அதோடு நிறுத்திவிட்டார். “பிறகு வந்தார்களா, லாத்தா?” என்று கேட்டேன்.

“பாங்கு சொல்லிட்டாங்க புள்ள, எழும்பு” என்றார்.

என் மூத்தவன் ஷாஃபி வளைகுடாவின் ஒரு கரையில் வேலை பார்க்கிறான். இளையவன் நைனா அதற்கு ஆகாத எதிர்க்கரையில். இன்றைக்கு நீங்கள் துஆவுக்குக் கையேந்தும்போது, இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.