நுரை பொங்கிய டம்ளர்

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். இதை முன்பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பால் ஹீட்டர் இரண்டு முறை வீணானது. தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் விற்க டை கட்டிய ஒருவர் வந்தார். எங்கள் தண்ணீரில் சோப்பைக் கரைத்தார், நுரையே இல்லை. தன் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கரைத்தார், பொங்கியது.

"எங்க மெஷின் தண்ணிம்மா. கையெழுத்துப் போடுங்க."

பேனாவை எடுத்துவிட்டேன்.

"அதைக் குடிக்கலாமா சார்?" என்றாள், பாத்திரம் தேய்க்கும் பவுனம்மா.

"அமிர்தம்! உனக்கென்ன தெரியும்? முடிஞ்சா குறை கண்டுபிடி, பார்ப்போம்."

"எனக்கென்ன தெரியும் சார். வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல நீங்க குடிங்க."

பாட்டிலில் மீந்த தண்ணீரை இரண்டு டம்ளர்களில் காபி போலத் தூக்கி ஆற்றினாள். சோப்புப் போடாமலேயே நுரை ததும்பியது. பாட்டிலுக்குள்ளேயே சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறார்!

"சூடு ஆறிடுச்சு, குடிங்க சார்."

பாட்டிலைக்கூட எடுக்காமல் போய்விட்டார். பவுனம்மா நன்றாயிருக்கட்டும், காபி ஆற்றும்போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு வேறு மெஷின் பார்த்தோம். எங்கள் தண்ணீரையே அதில் விடச்சொன்னேன். வந்த தண்ணீரைப் பவுனம்மா முதலில் வெறுமனே ஆற்றி, அப்புறம் சோப்புப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.