உப்புக்காரி தேடிய மூன்று கல்

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. பத்திரப் பதிவு அலுவலகத்தில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. அவருக்கு அவருடைய மாமனார் சொன்னாராம். பாதிக் கதையில் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் மீதியைச் சொன்னார். அதனால் எங்காவது ஒரு விவரம் விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டபடியே சொல்கிறேன்.

சாலை என்றாலே வண்டித் தடம்தான் என்றிருந்த காலம் அது. கடற்கரை உப்பளத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும் உப்பு வண்டி ஓட்டிப் பிழைத்தார்கள் ஒரு கணவனும் மனைவியும். அவன் பெயர் சாத்தையன். அவள் பெயர் வெள்ளைச்சி. அவர்களுக்கு ஒரு வண்டி, இரண்டு மாடு. ஒன்று செவலை, ஒன்று மயிலை.

பன்னிரண்டு வருடம் உப்பு ஏற்றினார்கள். பன்னிரண்டு வருடம் நெல்லுக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு வருடம் வண்டிக்கு அடியிலேயே தூங்கினார்கள்.

பதின்மூன்றாம் வருடம் மயிலை நொண்ட ஆரம்பித்தது. இன்னொரு மழைக்காலம் அது இழுக்காது என்று இருவருக்கும் தெரிந்தது. வேறு மாடு வாங்கினால் சேர்த்த பொன்னில் பாதி போய்விடும். மீண்டும் பன்னிரண்டு வருடம் ஓட வேண்டும்.

"நாம ஒரு இடம் வாங்கிடுவோம்" என்றான் சாத்தையன். "வழியில கொட்டகை போட்டு, உப்பு மூட்டை இறக்கி வைக்க வாடகைக்கு விடுவோம். வண்டி இத்தனை நாள் நம்மளச் சுமந்தது போதும்."

"வாங்கலாம்" என்றாள் வெள்ளைச்சி. "ஆனா ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாப் போனா வண்டியும் இல்ல, பொன்னும் இல்ல."

மூன்று பாதைகள் சேரும் ஊர் ஒன்றில் ஏகப்பன் என்றொரு தரகர் இருந்தார். அவர் மூன்று இடங்களைக் காட்டினார்.

முதல் இடம் கோயில் தெருவுக்குப் பின்னால், ஒரு சந்தில். இரண்டாவது இடம் பாதையோரத்து மேடு. காற்று வீசும், கண்ணுக்கு எட்டிய தூரம் தெரியும். மூன்றாவது இடம் ஊருணிக் கரை. பள்ளம், மாடு மிதித்த சேறு, எங்கே பார்த்தாலும் சாணி.

"மூணாவதைச் சும்மா கணக்குக்குக் காட்டினேன்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார் ஏகப்பன். "மேட்டைப் பாருங்க உப்புக்காரரே. உங்களுக்குன்னே ஆண்டவன் படைச்ச இடம். நாளைக்கு இன்னொருத்தர் அச்சாரத்தோட வர்றார்."

"மூணு நாள் பார்த்துட்டுச் சொல்றோம்" என்றாள் வெள்ளைச்சி.

ஏகப்பன் சிரித்தார். "பெண்டாட்டி வாயைப் பார்த்து மண் வாங்குற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!"

"வாங்க வந்தவங்களை யோசிக்க விடாம விரட்டுற தரகரை நாங்களும் இன்னிக்குத்தான் பார்க்கிறோம்" என்றாள் அவள்.

உப்புக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். எந்த இடத்தில் மூட்டை இறக்குவதானாலும் முதலில் பனையோலையில் ஒரு பிடி உப்பு வைத்து, சட்டியால் மூடி, மறுநாள் திறந்து பார்ப்பார்கள். ஈரமுள்ள மண்ணில் உப்பு கசிந்திருக்கும். காய்ந்த மண்ணில் வைத்தபடி இருக்கும். தண்ணீர் என்றாலே அவர்களுக்குப் பகை.

தரகர் தன் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு மூன்று இடத்திலும் உப்பு வைத்தார்கள். விடிந்ததும் போய்த் திறந்தார்கள்.

கோயில் தெருவில் உப்பு பாதி கசிந்திருந்தது. அதோடு, அந்தச் சந்தில் வண்டியைத் திருப்ப முடியாமல் அவர்களே முட்டிக்கொண்டு நின்றார்கள். ஊருணிக் கரையில் உப்பே இல்லை. ஓலையில் ஒரு வாய்த் தண்ணீர்தான் இருந்தது. மேட்டிலோ, உப்பு வைத்தபடியே கலகலவென்று கிடந்தது.

சாத்தையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் நம்ம இடம்" என்று இடுப்பிலிருந்த பொன் முடிப்பை அவிழ்த்தான்.

அதற்குள் ஏகப்பன் மேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். "இன்னும் என்ன யோசனை? அதான் உப்பே சொல்லிடுச்சே! அச்சாரத்தை எடுங்க."

வெள்ளைச்சி கணவனின் கையைப் பிடித்தாள்.

"நாங்க உப்பு வச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தரகர் விழித்தார். "அது... உங்க ஆளுங்க எல்லாரும் வைக்கிறதுதானே."

"எல்லாரும் வச்சாங்களா? எல்லாருக்கும் உப்பு காஞ்சுதான் இருந்துச்சா?"

"பின்னே? பாறை மேடாச்சே! ஒரு மணி கசிஞ்சிருக்குமா?"

"அப்புறம் ஏன் இது இன்னும் விலைக்கு இருக்கு?"

தரகர் வானத்தைப் பார்த்தார். மழை வருகிற மாதிரி ஒன்றும் இல்லை.

வெள்ளைச்சி மேடு முழுவதும் நடந்தாள். எதையோ தேடினாள். சாணி இல்லை. சாம்பல் இல்லை. மூன்று கல் இல்லை. வழிப்போக்கர் எங்கே தங்கினாலும் மூன்று கல்லைக் கூட்டித்தான் சோறு பொங்குவார்கள். பொங்கிய கல் கரி பிடித்து அங்கேயே கிடக்கும். இத்தனை வருடப் பாதையின் ஓரத்தில், இந்த மேட்டில், ஒரு கரிக்கல்கூட இல்லை.

"மயிலையை அவிழ்த்து விடுங்க" என்றாள் கணவனிடம்.

"எதுக்குடி?"

"அதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம்."

அவிழ்த்து விட்டான். மயிலை மேட்டில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நொண்டி நொண்டி இறங்கியது. பாதையைக் கடந்தது. நேராக ஊருணிக்குப் போய் முழங்கால் வரை இறங்கித் தண்ணீர் குடித்தது.

அங்கே ஏற்கெனவே நான்கு வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. உச்சிப் பொழுதுக்குள் பதினொன்று ஆயின. மூன்று மூன்றாகக் கரிக்கல், பார்த்த இடமெல்லாம்.

சாத்தையன் தலையில் கை வைத்தான். "இங்க உப்பு கரைஞ்சுபோகுமே, வெள்ளைச்சி! உப்புக் கொட்டகை கட்டிட்டு உப்பைத் தண்ணியில விடவா?"

"உப்பை மேல ஏத்தி வைக்க நமக்குத் தெரியும். கல்லை நட்டுப் பரண் போட்டா முடிஞ்சுது. தண்ணிய மேட்டுக்கு ஏத்த உங்களுக்குத் தெரியுமா? அந்தப் பாறைக்குள்ள கிணறு தோண்ட வருமா?"

சாத்தையன் மேட்டைப் பார்த்தான். ஊருணியைப் பார்த்தான். பிறகு முடிப்பை மறுபடியும் இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"அப்போ இதையே வாங்கிடுவோம்."

"அவசரப்படாதீங்க. ஊருல ஒரு வார்த்தை கேட்போம்."

ஊர்ச்சபையில் போய்க் கேட்டார்கள். கேட்டது நல்லதாயிற்று. கரையிலிருந்து இருபது கோல் தூரம் ஊருக்குப் பொது. அதை யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஏகப்பன் அதையும் சேர்த்துத்தான் அளந்து காட்டியிருந்தார். பொதுவை நீக்கி, எல்லைக்கல் நட்டு, சேற்றையும் சாணியையும் சொல்லி விலையைக் குறைத்து, நான்கு பேர் பார்க்க ஓலை எழுதி வாங்கினார்கள். முடிப்பில் கொஞ்சம் பொன் மீந்தது. அதில் பரண் போட்டார்கள்.

மழைக்காலம் வந்தது. ஊருணி நிரம்பி எல்லைக்கல் வரை தண்ணீர் ஏறியது. சாத்தையன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் பரண்மேல் ஏறி மூட்டையில் கைவிட்டுப் பார்த்தான். உப்பு கலகலவென்றிருந்தது. இறங்கி வந்து இரண்டு ஆள் சோறு சாப்பிட்டான்.

மயிலை அதன்பின் வண்டி இழுக்கவில்லை. வேப்பமரத்து நிழலில் படுத்து அசைபோட்டபடி, வருகிற போகிற வண்டிமாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த கோடையில் ஒருநாள் ஏகப்பனின் வண்டி அந்த வழியாக வந்தது. உள்ளே ஒரு புது உப்புக்காரர். மேட்டுக்குப் போக வேண்டிய வண்டி, ஊருணி அருகே வந்ததும் நின்றுவிட்டது. தரகர் அதட்டினார், வாலை முறுக்கினார், கெஞ்சினார். அவருடைய மாடுகள் அசையவில்லை.

"குடிக்கட்டும் விடுங்க தரகரே" என்றாள் வெள்ளைச்சி. "நீங்களும் ஒரு வாய் குடிங்க. மேட்டுல கிடைக்காது."

புது உப்புக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். தரகர் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்து இறங்கி, "இங்க மூட்டை இறக்க என்ன வாடகைம்மா?" என்று கேட்டார்.

ஏகப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது என்று சொல்கிறார்கள்.

ஆகையால் நிலமோ வீடோ வாங்கப் போகிறவர்களே, நம்மால் சரிசெய்ய முடிந்த குறையுள்ள இடத்தை விலை பேசி வாங்கலாம், சரிசெய்ய முடியாத குறையுள்ள இடத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

கதை கேட்ட மறுவாரம் எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் சைக்கிளில் போய் லாரிகள் நிற்கும் இடங்களை எண்ணினேன். மொத்தம் ஏழு, ஆறில் குழாயோ கிணறோ இருந்தது, ஏழாவதில் ஒரு டீக்கடை மட்டும் இருந்தது, கேட்டதற்கு அந்தக் கடைக்காரர் தினமும் பன்னிரண்டு குடம் தண்ணீர் விலைக்கு வாங்கி வைப்பதாகச் சொன்னார்.