படகில் ஒரு கும்பிடு

திரவியம் அண்ணாச்சிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாத தையல்காரன் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவதா என்று அவரே கடையைப் பூட்டிவிட்டார். ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வருகிறது, நடுவில் மிச்சம் இருப்பதும் நிலைக்காது, ஆசைப்பட்டதைச் சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி நேரே எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனார். கூட நானும் போனேன்.

எங்களுக்கெல்லாம் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர். அண்ணாச்சியைவிட வயதில் ரொம்ப இளையவர். இருந்தாலும் குரு குருதான். அவர் நாற்காலியைக் காட்டினால்கூட அண்ணாச்சி உட்கார மாட்டார், நின்றுகொண்டேதான் பேசுவார்.

"உங்க சுவர்ல ஒரு படம் மாட்டியிருக்கியள்லா டீச்சர், மரச்செருப்பை மூஞ்சியில ஒட்ட வச்ச மாதிரி ஒரு பறவை. அதை நேர்ல பாக்கணும்."

"ஷூபில். அது உகாண்டாவுல இருக்கு அண்ணாச்சி."

"இருக்கட்டும்."

"நானே இன்னும் பார்த்ததில்ல."

"அப்ப சேர்ந்தே பாப்போம்."

இப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம்.

விக்டோரியா ஏரியை ஒட்டிய சதுப்பு அது. நம் ஊர்ப் பாய்க்கோரைக்குப் பெரியப்பா என்று சொல்லலாம், அப்படி ஒரு கோரை, படகின் இரண்டு பக்கமும் தலைக்கு மேலே வளர்ந்து நின்றது. நடுவில் ஒடுங்கின தண்ணீர். படகுக்காரர் கிசிட்டோ கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். தினமும் போனோம், தினமும் வெறுங்கையோடு திரும்பினோம். கடைசியில் ஊர் திரும்பும் நாளும் வந்துவிட்டது. மாலையில் விமானம், காலையில் கடைசித் தடவையாகப் படகில் ஏறினோம்.

"இன்னைக்கும் வரலைன்னா டீச்சர்?"

"வரலைன்னா அது இஷ்டம் அண்ணாச்சி. நாம வந்தோம்ல."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பேசுகிற பேச்சா இது என்று நினைத்துக்கொண்டேன்.

கிசிட்டோ சட்டென்று கழியை நிறுத்தினார்.

கோரையை விலக்கிக்கொண்டு அது வெளியே வந்தது. சாம்பல் நிறம். நாலைந்து வயசுப் பிள்ளை உயரம் இருக்கும். பெரிய அலகை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு எங்களுக்கு நேர் எதிரே, கல் எறிந்தால் விழுகிற தூரத்தில் வந்து நின்றது. நின்றது, எங்களைப் பார்த்தது, பிறகு சாவகாசமாகச் சிறகை விரித்து எழும்பி எங்கள் தலைக்கு மேலேயே போனது. அந்தக் காற்று முகத்தில் அடித்தது. கோரைக்குப் பின்னால் போய் மறைந்தும்விட்டது.

"பாத்தியளா அண்ணாச்சி?" என்று திரும்பினேன்.

அண்ணாச்சி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பியிருந்தார். கண்ணை இறுக்க மூடியிருந்தார். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிசிட்டோ என்ன நினைத்தாரோ, தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. திரை விலகித் தீபாராதனை காட்டுகிற நேரத்தில் நாமெல்லாம் செய்வதைத்தான் மனிதர் செய்திருக்கிறார். மணிக்கணக்காக வரிசையில் நிற்போம், சாமி தெரிந்ததும் கண்ணை மூடிக்கொள்வோம்.

"கண்ணை மூடிக் கும்பிட நெல்லையப்பர் கோயில் போதாதா அண்ணாச்சி? அதுக்கு உகாண்டாவுக்கா வரணும்?" என்று கேட்டேவிட்டேன். அவருக்காக வந்த கோபம்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். எதிரே வெறும் கோரை.

"போயிட்டா?"

"போயிட்டு."

கிசிட்டோ மறுபடி தேடினார். உச்சிப்பொழுது வரைக்கும் சுற்றினார். அது வரவில்லை. படகு கரைக்குத் திரும்பியது.

பாதி வழியில் அண்ணாச்சி டீச்சர் பக்கம் திரும்பினார்.

"கோரை விலகினது தெரிஞ்சுது டீச்சர். சாம்பலா என்னமோ அசைஞ்சுது. கண்ணு இருக்கும்போதே கொண்டாந்து காட்டிட்டியே சாமின்னு நெனச்சேன். கை தானா ஏறிட்டு. கண்ணும் தானா மூடிட்டு."

டீச்சர் தலையாட்டினார்.

"இனிமே எனக்கு வாய்க்காது. நீங்களாவது சொல்லுங்க, மனசுல வாங்கி வச்சுக்கிடுதேன். அதோட கண்ணு என்ன நிறம்?"

"தெரியாது அண்ணாச்சி."

"அலகைத் திறந்துச்சா?"

"அதுவும் தெரியாது."

"நல்லாப் பாக்கலையா நீங்க?"

"பார்க்கவே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷக்கணக்காக அந்தப் படத்தின் கீழே நின்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர். கழுத்தில் பைனாகுலர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மூடியைக்கூட அவர் கழற்றியிருக்கவில்லை.

அண்ணாச்சி பதறிப்போனார். தன் நஷ்டம் அவருக்கு மறந்தே போய்விட்டது.

"என்ன டீச்சர் இது? நீங்க ஏன் பாக்கல? எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்திய?"

"உங்க பக்கம். அது வந்ததும் உங்களுக்குத் தெரியுதான்னு திரும்பினேன். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பத் தோணல."

"ஐயோ, என்னாலதான. என் மூஞ்சியில அப்படி என்ன இருக்கு? ஊர்ல தினம் பாக்குற மூஞ்சி."

"கும்பிடுற மூஞ்சியை இப்பத்தான் பார்த்தேன்."

"பெரிய தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். நான் கண்ணைத் திறந்திருக்கணும்."

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீங்க திறக்கல அண்ணாச்சி. திறந்திருந்தா நானும் பறவையைத்தான் பார்த்திருப்பேன்."