தேரை இழுத்துத் தெருவில் விட்டவர்கள்

ஊர் விவகாரங்களை ஊரே கூடிப் பேசும் சபையை அரசர் கலைத்தபோது, முத்தழகன் ஆட்களோடு வாளெடுத்துப் போனான். தோற்றான். தம்பியைப் பறிகொடுத்தான். நரைத்த தலையோடு குருவின் மடத்துக்கு வந்து சீடனானான். உடைவாளை மட்டும் விடவில்லை.

இப்போது அவன் மகள் கோதையும் அவள் வயதுப் பிள்ளைகளும் வெறுங்கையோடு சபையைத் திரும்பக் கேட்கக் கிளம்பியிருந்தார்கள்.

"முளைச்சு மூணு இலை விடலை, சாமி. இதுங்களா சபையை மீட்கப் போகுதுங்க?" என்று குருவிடம் புலம்பினான்.

"தேரோட்டத்துக்கு வா," என்றார் குரு.

அந்த ஊரில் கிளம்பிய தேர் விளக்கு வைக்குமுன் நிலைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அரியணைக்கு ஆகாது என்று அரசரே நம்பினார். தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதை என்பார்களே, பிள்ளைகள் அதையே செய்தார்கள். அரண்மனை வாசல்வரை அழகாக இழுத்து வந்து, வடத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

"எழுந்து இழுங்க," என்று அரசர் வாளை உருவினார்.

"சபை கூடட்டும், இழுக்கிறோம்," என்றாள் கோதை.

காவலன் தடி அவள் நெற்றியில் இறங்கியது. உடைவாளுக்குப் போன முத்தழகன் கையைக் குரு பிடித்துக்கொண்டார்.

"அவளே கை ஓங்கலையேப்பா. பொறு."

கோதை இரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டு அங்கேயே இருந்தாள். அதைப் பார்த்த பெரியவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். காவலர்கள் முக்கி முக்கி இழுத்தும் தேர் அசையவில்லை. வெயில் சாய்ந்தது. அரசர் முகம் சுண்டிப்போனது. கடைசியில் அவரே பறையறையச் சொன்னார், சபை கூடலாமென்று.

ஊரே எழுந்து வடம் பிடித்தது. மகள் பக்கத்தில் நின்று முத்தழகனும் இழுத்தான். அழுதுகொண்டே சிரித்தான். முதல் விளக்கு எரியுமுன் தேர் நிலைக்கு வந்துவிட்டது.

கூட்டம் கலைந்தபின் குருவிடம் கேட்டான்: "வாளெடுத்த நாங்க தோத்தோம் சாமி. இதுங்க எப்படி ஜெயிச்சுதுங்க?"

"உன் வாளை உருவு."

உருவினான்.

"அதை வச்சு இந்தத் தேரை நகர்த்து."

முத்தழகன் தேரைப் பார்த்தான். வாளைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"அரசரும் பகல் முழுக்க இப்படித்தான் நின்னாரு," என்றார் குரு.