கொதிக்கக் கூடாத பாய்லர்

வடவள்ளியில் ஒரு காபிக் கடை இருக்கிறது. அங்கே குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடனுக்கு ஐம்பத்தாறு.

குரு என்றதும் யாரும் தாடியைத் தேட வேண்டாம். அவள் பெயர் சுகிர்தா. ஸ்கூட்டரில் டூல் பாக்ஸோடு வருவாள். காபி மெஷின்களைச் சரிபார்ப்பதும், அவற்றில் நிற்பவர்களுக்கு வேலை கற்றுத்தருவதும் அவள் பிழைப்பு.

சீடன் நாச்சிமுத்து. இருபத்தேழு வருஷம் டீ மாஸ்டராக நின்றவர். சாலையை அகலப்படுத்தியதில் அவர் நின்ற கடை போனது. அதற்காக அவர் ஒப்பாரி வைக்கவில்லை. மறுமாதமே இங்கே வந்து வேலை கேட்டார், கிடைத்தது. இப்போது மூன்று வாரம் ஆகிறது.

மெஷின் வெளிநாட்டுச் சரக்கு. உள்ளே இரண்டு பாய்லர், முகப்பில் அழுத்தம் காட்டும் இரண்டு முள், ஓரமாகச் சூட்டை எண்ணில் காட்டும் ஒரு சின்னத் திரை. முதல் வாரம் முழுக்க சுகிர்தா கூடவே நின்று கற்றுக்கொடுத்தாள். போர் தண்ணி ஊற்றக் கூடாது, உள்ளே சுண்ணாம்பு படியும், ஃபில்டர் தண்ணிதான். பால் அடிக்கும் முன்னும் பின்னும் நீராவிக் குழாயை ஒருமுறை திறந்து மூட வேண்டும். உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும், காய்ந்தால் பால் ஒட்டிக்கொள்ளும்.

நாச்சிமுத்து ஒன்றையும் விடவில்லை. சொல்லாததையும் செய்தார். வெள்ளிக்கிழமையானால் மெஷின் நெற்றியில் மூன்று விரல் விபூதி, நடுவில் குங்குமம்.

"காத்து போற ஓட்டைய மட்டும் விட்ருங்ணா" என்று சொன்னாள் சுகிர்தா.

இவ்வளவு பண்ணியும் காபி கசந்தது.

வியாழக்கிழமை ஒரு கல்லூரிப் பெண் பாதி குடித்து வைத்துவிட்டு, "அங்கிள், கரிஞ்ச வாசம் வருது" என்றாள்.

"உங்க வாயில ஏதாச்சும் கோளாறு இருக்கும், பாருங்க" என்றார் நாச்சிமுத்து.

கடை முதலாளி கிருபாகரன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் போனதும் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறனுங்க. அப்பவும் கசந்தா மெஷின்ல வேற ஆளப் போட்டுக்கறேன். நீங்க பின்னால பாத்திரம் பாத்துக்குங்க."

பாத்திரம் கழுவுவது கேவலம் என்று நாச்சிமுத்து நினைக்கவில்லை. ஆனால் ஊரே மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்ட ஆளுக்கு, தன் கை கெட்டுப்போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் சுகிர்தா வந்தாள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே நாச்சிமுத்து கேட்டுவிட்டார்.

"அதே கொட்டை, அதே மெஷின், அதே பதினெட்டு கிராம் தூள். நீங்க போட்டா நல்லாருக்குதுங்கறாங்க, நா போட்டாக் கசக்குதுங்கறாங்க. ஏனுங்க அம்மிணி?"

சுகிர்தா ஓட்டை இல்லாத வடிகட்டியை எடுத்து நீட்டினாள்.

"மெஷினக் கழுவிக் காட்டுங்ணா."

அதைத் தூள் நிரப்பும் கைப்பிடியில் போட்டு, சோப்புத்தூள் கொஞ்சம் தூவி, மெஷினில் பூட்டித் தண்ணீரைத் திறந்தார். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. பத்து விநாடி முட்டிக்கொண்டு நின்றது. நிறுத்தியதும் வந்த வழியே திரும்பிப் பாய்ந்து கீழ்த்தட்டில் கொட்டியது. உள்ளே அழுக்கு இருந்தால் பழுப்பாக வரும். வெள்ளையாக வந்தது.

"தினம் கழுவறீங்களா?"

"தினம் ராத்திரி பூட்டறதுக்கு முன்னாலைங்க."

"சரி, பால் அடிங்க."

நாச்சிமுத்து நீராவிக் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் துப்பியது, மூடினார். பாலை வைத்தார். இருபத்தேழு வருஷமாகப் பாலோடு பழகிய கை அது. நுரை பட்டுப்போல எழுந்தது. குழாயைத் துடைத்து, மறுபடி ஒருமுறை திறந்து மூடினார்.

சுகிர்தா பாலை மட்டும் முழுசாகக் குடித்தாள்.

"எனக்கு இப்பிடி வராதுங்ணா" என்றாள். அது முகஸ்துதி இல்லை. அவளுக்கு வராது.

"இனி காப்பி போடுங்க."

தூளை நிரப்பும் முன் வெறும் தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட வேண்டும் என்பது அவள் கற்றுக்கொடுத்த பாடம். ஓடவிட்டார். புஸ்ஸென்று சீறி, ஆவி கக்கிக்கொண்டு விழுந்தது தண்ணீர். நாச்சிமுத்து முகத்தில் ஒரு திருப்தி.

சுகிர்தா குனிந்து திரையைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி ஒம்பதுங்குது. நா தொண்ணூத்தி மூணுல்ல வெச்சுட்டுப் போனேன்?"

நாச்சிமுத்து துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்தார்.

"நாந்தானுங்க ஏத்துனேன்."

"எதுக்குங்ணா?"

"டீக்கடை பாய்லர் பாத்துருக்கீங்கல்ல. அதுக்குள்ள ஒரு ரூபாக் காசு போட்டு வெச்சிருப்போம். தண்ணி கொதிச்சா காசு ஆடும். லொட லொடன்னு சத்தம் வரும். சத்தம் நின்னா சூடு போச்சு, இல்லாட்டித் தண்ணி போச்சுன்னு அர்த்தம். அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் கிளாஸயே எடுப்பேன். இது என்னடான்னா கம்முனு நிக்குது. தொண்ணூத்தி மூணுன்னு எழுதிக் காட்டுனா நம்பீர முடியுங்களா? அதான் தினம் ஒண்ணு ரெண்டா ஏத்துனேன். தொண்ணூத்தி ஒம்பதுலதான் வாயத் தொறந்துச்சு."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இதுல ரெண்டு பாய்லர் இருக்குதுன்னு சொன்னேனே. எதுக்குன்னு நெனச்சீங்க?"

"ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணு ஆகட்டும்னுதானுங்க. ஸ்டெப்னி மாதிரி."

இந்த முறை அவளால் அடக்க முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலேயே.

"இதக் குடிங்க முதல்ல" என்று அந்தத் தொண்ணூற்றொன்பதிலேயே ஒரு காபி இறக்கி நீட்டினாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை. மூன்று வாரத்தில் எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்தவர், தான் போட்ட காபியை வெறுமனே குடித்ததில்லை. ஒரு வாய் வைத்தார். முகம் கோணிவிட்டது.

சுகிர்தா எண்ணைத் தொண்ணூற்று மூன்றுக்கு இறக்கினாள். கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா இருக்கறேன். நீங்களும் இருங்க."

பத்து நிமிஷம் போனது. நாச்சிமுத்துவுக்குச் சும்மா நிற்பதைப் போலக் கஷ்டமான வேலை இல்லை. இரண்டு தடவை பொத்தான் பக்கம் கை போனது, இரண்டு தடவையும் அவள் பார்த்தாள். மெஷின் ஒரு சத்தமும் போடவில்லை. அதன் பிறகு அவள் போட்ட காபி, எண்ணெய் இறங்குவதுபோல மெல்ல இறங்கியது.

நாச்சிமுத்து குடித்தார். முதலில் லேசாகப் புளித்தது. அப்புறம் தொண்டையில் வெல்லப்பாகு மாதிரி ஒன்று தங்கியது. கோப்பையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் இறக்கிக்கொண்டார்.

"கொதிக்காமயேங்களா?"

"கொதிச்சா தூள் கரிஞ்சிரும்ங்ணா. இந்த பாய்லர் கொதிக்கவே கூடாது. பக்கத்துல இருக்கறது நூத்தி இருவத்தஞ்சுல நிக்குது. அது கொதிக்கலைன்னா நீராவி இல்ல, பாலும் இல்ல. ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்குப் போகக் கூடாதுன்னுதான் ரெண்டையும் தனித்தனியா வெச்சிருக்காங்க."

நாச்சிமுத்து அந்த இரண்டு முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பொண்ணு வாயில ஒரு கோளாறும் இல்லீங்க" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் நல்ல கூட்டம். கிருபாகரன் கல்லாவை விட்டு வந்து மெஷின் பக்கம் நின்றார். சுகிர்தா அன்று டூல் பாக்ஸ் இல்லாமல், காபி குடிக்க வந்தவளாக மெஷினுக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கல்லூரிப் பெண்ணும் வந்தாள், தோழிகள் இரண்டு பேரோடு.

"எனக்கு மட்டும் பால் இல்லாம ஒண்ணு. அங்கிள், இன்னைக்காவது கருகாம வருமா?" என்றாள். தோழிகள் சிரித்தார்கள். கிருபாகரன் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்துவின் காது மடல் சிவந்தது. வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது, விழுங்கினார். தண்ணீரை ஓடவிட்டார். அது சீறவில்லை, சாதாரணமாக ஓடியது. பதினெட்டு கிராம் நிறுத்து, அழுத்தி, பூட்டினார். சத்தமே இல்லாத அந்த மெஷினை நம்பி நின்றார்.

காபி மெல்ல இறங்கியது.

அந்தப் பெண் ஒரு வாய் குடித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி குடித்தாள். கோப்பை காலியானதும் தோழிகளிடம், "நீங்களும் இங்கயே குடிங்கடி" என்றாள். கிருபாகரன் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். போகிறபோது, "மாஸ்டர், எனக்கும் அதே மாதிரி ஒண்ணு" என்றார்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. துணியை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனவர், அது நீராவிக் குழாய்த் துணி என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

முதலாளிக்குப் போட்டு அனுப்பிவிட்டு, சுகிர்தா பக்கம் குனிந்து கேட்டார்.

"அம்மிணி, ஒரு சந்தேகமுங்க. அந்தப் பொண்ணு கேட்டுச்சே, அப்ப உள்ளுக்குள்ள நெம்பக் கொதிச்சுதுங்க. காப்பி என்னமோ நல்லாத்தான் வந்துருச்சு. ஆனா இன்னும் கொதிச்சுட்டுத்தான் கெடக்குது. இத எப்பிடிங்க அணைக்கறது?"

சுகிர்தா அந்த மூவர் உட்கார்ந்திருந்த மேஜையை எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குங்ணா அணைக்கணும்? அது பக்கத்து பாய்லர்ல கொதிக்கட்டும். அடுத்து ரெண்டு பால் காப்பி கேட்டிருக்காங்க."